முயலின் கண்ணும் வளர்த்தெடுத்த தோலும்

குளியல் சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு போன்றவை கடைக்கு வருமுன் ஒரு வினாவுக்கு விடை தெரிந்தாக வேண்டும்: அவை தோலையும் கண்ணையும் எரிக்குமா? இதற்கான விடையை நெடுங்காலம் முயல்களிடமிருந்தே பெற்று வந்தனர். 1944ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் ஜான் டிரெய்ஸ் இதற்கொரு முறையை வகுத்தார். முயலின் ஒரு கண்ணில் பொருளை இட்டு, மறு கண்ணை ஒப்பிடுவதற்காக விட்டுவைப்பர். பின்வரும் நாள்களில் சிவப்பு, வீக்கம், விழியின் மங்கல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடுவர். தோல் சோதனைக்கு முதுகு மயிரை மழித்துப் பொருளைத் தடவுவர். இத்தனை துன்பத்துக்குப் பின்னும் கிடைத்தது முயலைப் பற்றிய விடையே. முயலின் தோலும் மனிதத் தோலும் ஒன்றல்ல.

1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு இங்கிலாந்து அறிஞர்கள் மூன்று நெறிகளை முன்வைத்தனர்: இயன்ற இடத்தில் விலங்குக்கு மாற்று காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைத் தணித்தல். இவற்றுள் முதலாவதே கடினமானது. விலங்கை விலக்கினால் அந்த இடத்தில் எதனை வைப்பது?

மனிதத் தோலையே வைக்கலாம் என்பது ஆய்வாளர் கண்ட விடை. அறுவை சிகிச்சையின்போது நீக்கப்படும் தோலை, உரியவரின் இசைவுடன் பெறுகின்றனர். அதிலிருந்து பிரித்த உயிரணுக்களைச் சிறு கிண்ணத்தில், கொலாஜன் என்னும் புரதப் படலத்தின்மீது பரப்புகின்றனர். தொடக்கத்தில் அவை ஊட்டநீரில் மூழ்கியிருக்கும். பின்னர், மேற்பரப்பில் காற்றுப் படுமாறு நீர்மட்டத்தைத் தாழ்த்துவர். ஊட்டம் கீழிருந்து மட்டுமே வரும். அப்போது உயிரணுக்கள் அடுக்கடுக்காக மேலெழுகின்றன. உச்சியில் உள்ளவை தட்டையாகி, இறந்து, கடினமான காப்புப் படலமாகின்றன. மனித உடலின் மேல்தோலும் இவ்வாறே உருவாகிறது. யாரும் கற்றுத் தராமலே உயிரணுக்கள் தம் வேலையைச் செய்துவிடுகின்றன!

ஏறத்தாழ இரு வாரங்களில் விரல்நுனி அளவுள்ள தோல் ஆயத்தமாகும். பிரான்சின் லியோன் நகரில் உருவான எபிஸ்கின் இவ்வகையைச் சார்ந்தது. அதன்மீது சோதிக்க வேண்டிய பொருளை 15 நிமிடம் வைத்துக் கழுவிவிட்டு, 42 மணி நேரம் காத்திருப்பர். பிறகு மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்ப்பர். உயிருள்ள அணுக்கள் அம்மஞ்சளை ஊதாவாக மாற்றும்; இறந்தவை மாற்றா. ஊதா நிறத்தின் அடர்த்தியை அளந்தால் எத்தனை விழுக்காடு அணுக்கள் பிழைத்தன என்பது புலப்படும். 50 விழுக்காட்டுக்கு மேல் பிழைக்காவிடில் அப்பொருள் தோலை உறுத்தும் என்று முடிவு செய்வர். 2010இல் இம்முறை பன்னாட்டு வழிகாட்டு நெறியாக ஏற்கப்பட்டது. இந்தியா 2014இல் ஒப்பனைப் பொருள்களை விலங்குகளின்மீது சோதிப்பதைத் தடை செய்தது.

மருந்துகளின் நிலை வேறு. வளர்த்தெடுத்த தோலில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. விழுங்கிய மாத்திரை கல்லீரலில் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. இதற்காகவே உறுப்புச் சில்லுகள் தோன்றின. 2010இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அறிவித்த நுரையீரல் சில்லு பென் டிரைவ் அளவே உடையது. நுண்துளைப் படலத்தின் ஒருபுறம் நுரையீரல் அணுக்கள், மறுபுறம் இரத்தக்குழாய் அணுக்கள். பக்கவாட்டில் காற்றை உறிஞ்சும்போது படலம் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும். இத்தகைய சோதனைகளுக்கு இடமளித்து 2023இல் இந்தியா புதிய மருந்து விதிகளைத் திருத்தியது.

ஆயினும் விலங்குகள் முற்றிலும் விடுபட்டுவிடவில்லை. பல ஆய்வகங்களில் உயிரணுக்களை வளர்க்கும் ஊட்டநீரில் இன்றும் பசுங்கன்றின் கருவிலிருந்து எடுத்த இரத்தநீர் சேர்க்கப்படுகிறது. அதற்கும் மாற்று தேடி வருகின்றனர்.

பயிற்சி

1. தோல் வளரும்போது ஊட்டநீரின் மட்டத்தை ஏன் தாழ்த்துகின்றனர்?
2. மஞ்சள் சாயம் ஊதாவாக மாறாவிடில் ஆய்வாளர் அறிந்துகொள்வது யாது?
3. 'இசைவு', 'விழுக்காடு' ஆகிய சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.