‘ம்ம்ம்’னு வருதா, ‘ஸ்ஸ்ஸ்’னு வருதா?

வீட்டுல உக்காந்து பாட்டோ கதையோ ரெக்கார்ட் பண்ற தம்பி தங்கச்சிகளே, குரலுக்கு அடியில ஏதோ சத்தம் ஓடுதுன்னு உடனே புது மைக் வாங்கக் கிளம்பாதீங்க. நான் கிளம்பினேன். புது மைக்லயும் அதே ‘ம்ம்ம்’. வெறுத்துப்போய் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினதும் சட்டுனு நின்னுச்சு. அத்தனை நாளும் திருடன் என் முழங்கை பக்கத்துலயேதான் இருந்திருக்கான்.

முதல்ல வாயே திறக்காம பத்து செகண்ட் ரெக்கார்ட் பண்ணி, ஹெட்ஃபோன்ல கேளுங்க. அப்புறம் ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மூணை ஒண்ணா மாத்தினா, எதுனால சரியாச்சுன்னே தெரியாது.

‘ம்ம்ம்’னு வந்தா: கரன்ட் வேலை. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதோட மடங்கு 100, 150-ம்தான் இப்படி முனகும். சார்ஜரைக் கழட்டி பேட்டரியில ஓட்டிப் பாருங்க. நின்னா, லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாத்தையும் எர்த் சரியா இருக்குற ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டுங்க. ‘மூணாவது பின்னை உடைச்சா இரைச்சல் போயிடும்’னு யாராவது சொன்னா காதுலயே வாங்காதீங்க, அது உயிரைக் காக்குற பின். பழைய வீடுன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்க. மைக் வயரும் கரன்ட் வயரும் ஒட்டி ஓட வேண்டாம். குறுக்கே வந்தே ஆகணும்னா கூட்டல் குறி மாதிரி வெட்டிப் போகட்டும்.

‘ஸ்ர்ர்’னு கரகரத்தா: ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிப் பாருங்க, சத்தம் மாறினா அதுதான் காரணம். வழவழன்னு சுத்துற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரன்டை வெட்டி வெட்டி அனுப்பும். எலக்ட்ரிக் கிடார் வாசிச்சா, அந்தச் சத்தம் அதுக்குள்ள அப்படியே புகுந்துடும். ஃபேனை நிறுத்தினா வேர்க்கும்தான். நாலு நிமிஷம் பாடுங்க, ரெண்டு நிமிஷம் காத்து வாங்குங்க.

‘ஸ்ஸ்ஸ்’னு வந்தா: மைக் தூரத்துல இருக்கு, அதுக்கு ஈடுகட்ட கெயினை ஏத்தி வெச்சிருக்கீங்க. ஒரு சாண் தூரத்துக்கு வாங்க, கெயினை இறக்குங்க. 24 பிட்ல ரெக்கார்ட் பண்ணினா, உச்சக் குரல் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள்ள நின்னா போதும்.

‘படபட’ன்னு பொரிஞ்சா: வயரை மெதுவா அசைச்சுப் பாருங்க. வயர் நல்லா இருந்தா, பஃபர் சைஸை 128-லிருந்து 512-க்கு ஏத்துங்க. ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல 44.1, ஆடியோ இன்டர்ஃபேஸ்ல 48 கிலோஹெர்ட்ஸ்னு ஆளுக்கொரு கணக்குல இருக்கான்னும் பாருங்க.

‘டிட் டிட் டிட்’னு வந்தா: போன்தான். ஃப்ளைட் மோடுல போட்டு அடுத்த ரூம்ல வைங்க.

ஃப்ரிட்ஜ் உறுமினா: அணைச்சுட்டு, வண்டிச் சாவியை அதுக்குள்ள வைங்க. வெளிய கிளம்பும்போது சாவியைத் தேடுவீங்க, ஃப்ரிட்ஜும் ஞாபகம் வந்துடும். நான் ஒரு தடவை மறந்து, ரெண்டு லிட்டர் பால் திரிஞ்சு, அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட பிறகு கண்டுபிடிச்ச வழி இது.

இவ்வளவுக்குப் பிறகும் மிச்சம் இருந்தா, பத்து செகண்ட் மௌனத்தைத் திரும்ப ரெக்கார்ட் பண்ணி, அதை ஆடாசிட்டி சாஃப்ட்வேர்ல மாதிரியாக் குடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷன் போடுங்க. அது ஊறுகாய் மாதிரி, தொட்டுக்கத்தான். அள்ளிப் போட்டா குரல் தண்ணிக்கு அடியிலிருந்து வர்ற மாதிரி ஆயிடும்.

பக்கத்து வீட்டு குக்கருக்கு மட்டும் என்கிட்ட மருந்து இல்ல. மூணாவது விசில் வரட்டும், அப்புறம் ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்க.