நிதி வேண்டி எழுதும் முன்மொழிவு

விடுப்பு விண்ணப்பமும் முறையீட்டுக் கடிதமும் எழுதும் முறையை மாணவர் முந்தைய வகுப்புகளில் கற்றுள்ளனர். நிதி வேண்டி ஒரு தொண்டு நிறுவனம் எழுதும் முன்மொழிவு அவற்றினின்றும் வேறானது. விண்ணப்பம் ஒன்றைக் கேட்பதோடு முடிந்துவிடும். முன்மொழிவோ, பிறர் பணத்தைக் கொண்டு ஒரு செயலைச் செய்துமுடிப்பதாக அளிக்கும் எழுத்து வாக்குறுதி. பின்னாளில் தணிக்கையாளர் கையில் எடுத்துச் சரிபார்க்கும் ஆவணமும் அதுவே.

இந்தியாவில் இத்தகைய நிதி அரசிடமிருந்தும் அறக்கட்டளைகளிடமிருந்தும் கிடைக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளமுள்ள நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பாதுகாப்பான குடிநீர் வழங்குதல் அப்பணிகளுள் ஒன்று. ஆகவே குடிநீர்த் திட்டம் ஒன்றையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மேற்கு இராஜஸ்தானில் 120 மாணவர் பயிலும் ஒரு தொடக்கப்பள்ளி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்க. அங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. மழைநீர்த் தொட்டி கட்ட நிதி வேண்டும். முதன்முறை எழுதுவோர் பெரும்பாலும் இவ்வாறு தொடங்குவர்: “எங்கள் பள்ளியில் மழைநீர்த் தொட்டி இல்லை. ஆதலால் தொட்டி கட்ட நிதி தேவைப்படுகிறது.”

இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் தேவையும் சொல்லப்படவில்லை. தொட்டி இல்லாமை தேவையன்று. தொட்டி தேவைக்கான தீர்வு. குழந்தைகள் குடிக்கும் நீரே அங்குள்ள குறை. ஒரு லிட்டர் குடிநீரில் புளோரைடு 1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த வரம்பு. வரம்பு மீறிய நீரைப் பல் வளரும் பருவத்தில் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை படியும். பல்லாண்டுகள் குடித்தால் எலும்பும் பாதிப்புறும். கொதிக்கவைப்பதால் புளோரைடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரின் ஆய்வறிக்கையை இணைத்து, அதிலுள்ள அளவை முதற்பத்தியிலேயே எழுதிவிட்டால் நிதி வழங்குவோர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்து, தீர்வு அத்தேவைக்குப் போதுமா என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். பல முன்மொழிவுகள் இடறி விழுமிடம் இதுதான். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் எனில் 120 பேருக்கு 240 லிட்டர். தொடக்க வகுப்புகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் வரையறுக்கும் 200 வேலை நாள்களுக்கு 48,000 லிட்டர். பள்ளிக் கூரையின் பரப்பு 200 சதுர மீட்டர், ஆண்டு மழை 300 மில்லிமீட்டர் எனக் கொண்டால் கூரைமீது விழும் நீர் 60,000 லிட்டர். ஆவியாதலுக்கும், கூரையைக் கழுவிச்செல்லும் முதல் மழைக்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் எஞ்சுவது அதே 48,000 லிட்டர். கணக்கு நேராகிறது. எனினும் மிச்சம் ஒரு குடம்கூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மழை குறைந்த ஆண்டில் என்ன செய்வது? இவ்வினாவை நிதி வழங்குவோர் கேட்கும் முன்னரே முன்மொழிவு எழுப்பிக்கொள்வது நன்று. அப்பகுதி மக்கள் ‘டாங்கா’ என்னும் மூடிய நிலத்தடித் தொட்டிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவருபவர்கள். வறட்சிக் காலத்தில் வெளியிலிருந்து நல்ல நீர் கொணர்ந்து அவற்றில் நிரப்பிக்கொள்வது அவர்களுக்குப் புதிதன்று. அதற்கான செலவைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்குமா என்பதை முன்னரே பேசி எழுத்தில் பெறுதல் வேண்டும்.

வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தொகையும் ஒரு செயலோடு பொருந்த வேண்டும். செயலின்றி நிற்கும் தொகையும், தொகையின்றி நிற்கும் செயலும் ஐயத்தை எழுப்பும். ‘இதரச் செலவுகள்’ என்னும் தலைப்பு பெருக்கப் பெருக்க நம்பிக்கை சுருங்கும். கூரை துடைப்பதற்கும் தொட்டி கழுவுவதற்கும் ஆகும் ஆண்டுச் செலவை மறைக்காமல் எழுதுவதே முறை.

விளைவைக் கூறும் பகுதியில்தான் மிகைப்படுத்தும் ஆசை எழும். “இத்திட்டத்தால் ஊரில் புளோரைடு நோய் ஒழியும்” என எழுதினால் படிக்க இனிமையாயிருக்கும். ஆனால் அது மெய்யன்று. முன்னரே படிந்த கறை நல்ல நீரால் மறையாது. பள்ளியில் மழைநீர் குடிக்கும் சிறுமி வீடு திரும்பியதும் பழைய கிணற்று நீரையே குடிக்கிறாள். “120 மாணவரும் பள்ளி வேலை நாள்களில் வரம்புக்குட்பட்ட நீரைக் குடிப்பர், பருவந்தோறும் நீர் ஆய்வு செய்து அறிக்கை அனுப்பப்படும்” என்பது சிறிய வாக்குறுதிதான். ஆயினும் ஓராண்டு கழிந்தபின் ஒருவர் நேரில் வந்து அளந்து பார்க்கக்கூடியது. வீடுகளின் குடிநீர்க்கு வேறொரு முன்மொழிவு எழுத வேண்டியிருக்கும்.

பயிற்சி

1. “எங்கள் ஊரில் நூலகம் இல்லை” என்னும் தொடரைத் தேவையை உணர்த்தும் மூன்று தொடர்களாக மாற்றி எழுதுக.

2. உம் பள்ளிக் கூரையின் நீள அகலத்தை அளந்து, உம் ஊரின் சராசரி ஆண்டு மழையளவைக் கொண்டு, திரட்டக்கூடிய நீரின் அளவைக் கணக்கிடுக.

3. ஆண்டு மழை 200 மில்லிமீட்டராகக் குறைந்தால் மேற்கண்ட பள்ளிக்கு எத்தனை நாள்களுக்கு நீர் போதும்? அந்நிலையை விளக்கி நிதி வழங்குவோர்க்கு ஒரு பத்தி வரைக.