ஆலந்தலையில் மாலை ஐந்து மணி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கடற்கரை ஊரான ஆலந்தலையில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்க வேண்டும், கட்டடத்துக்கு யாரைக் கேட்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டடம் இப்போது வேண்டாம் அம்மா. கோயில் முற்றமோ ஒரு வீட்டுத் திண்ணையோ போதும். முதலில் ஆளைத் தேடுங்கள்.

இந்த வேலையை முன்பே செய்த ஒருவர் உங்கள் ஊரிலிருந்தே கடிதம் எழுதியிருக்கிறார். புனித பிரான்சிஸ் சவேரியார் 1544 செப்டம்பரில் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்று ஆலந்தலையிலிருந்து போனது. உங்கள் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த புதிதில் அவர் செபங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். எல்லோரும் சொல்வது அந்த மணியைத்தான். எனக்கு அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிதாகப் படுகிறது. தாம் கிளம்பும்போது, செபம் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்துவிட்டுப் போனார். அவர்களுக்குச் சம்பளம் கிடைக்கவும் வழி செய்தார். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குப் பணம் கொடுத்துவிடுங்கள் என்று மன்சிலாசுக்கும் எழுதினார்.

நம் காலத்தில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் இந்த வழியில்தான் போனது. கொரோனாவில் பள்ளிகள் பதினெட்டு மாதம் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கியது. அந்தந்தத் தெருவிலேயே படித்த ஒருவர், பெரும்பாலும் பெண், தினம் ஒன்றரை மணி நேரம், சுமார் இருபது பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய். தொகை குறைவு என்பதே என் எண்ணம். ஆனால் பலன் சிறிதல்ல. பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மவ்ரிசியோ ரொமேரோ மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் கற்றலில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்த மாலை வகுப்பால் வந்தது.

ஆகவே உங்கள் தெருவில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணைப் பிடியுங்கள். ஊர்க் கமிட்டியிடம் கேட்பதானால் அவளுடைய சம்பளத்தைக் கேளுங்கள், சிமெண்டைக் கேட்காதீர்கள். 'சும்மா சொல்லிக்கொடு' என்று எவளையும் கெஞ்சாதீர்கள். மூன்றாம் மாதம் அவள் நின்றுவிடுவாள், வகுப்பும் நின்றுவிடும்.

வீட்டுப்பாடம் முடித்துக்கொடுக்கும் டியூஷனாக இதை ஆக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரம் பாடமே எடுக்காமல், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டுகிறானா, அவனை அப்படி வாசிக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். வகுப்பைச் சொல்லி எவனையும் கூச வைக்கக்கூடாது. அவன் கரையில் மீன் ஏலத்தொகையை மனக்கணக்காகச் சொல்லிவிடுவான். கணக்கை அங்கிருந்தே தொடங்கலாம்.

வந்ததும் ஒரு கை சுண்டல் கொடுங்கள். மதியம் சத்துணவு சாப்பிட்ட வயிறு ஐந்து மணிக்குக் காய்ந்திருக்கும். மீன் விற்கப் போன அம்மா வீடு திரும்பும் நேரம் தெரிந்து வகுப்பை முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத அப்பாமார் கரையில் இருப்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு அவர்களை உட்காரவைத்து, பிள்ளைகளை அவர்கள் முன் வாசிக்கச் சொல்லுங்கள்.

எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை பேருக்கு வாசிக்க வருகிறது என்று எழுதுங்கள். அதற்கேற்ற கதைப் புத்தகங்களாகப் பார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்