மேஸ்திரி சொன்ன தொகை உன் பட்ஜெட் இல்லடி

தொண்ணூறுகள்ல கட்டின வீடு. மொசைக் தரை, ஜி.ஐ. பைப், சமையல்கட்டுல கடப்பா கல் மேடை. "சமையல்கட்டையும் பாத்ரூமையும் மாத்தப் போறேன்க்கா. கையில ஆறு லட்சம் இருக்கு, மேஸ்திரியும் ஆறு லட்சம்னுதான் சொல்றார்"னு சந்தோஷமா சொல்றே. கையில இருக்கறதும் மேஸ்திரி சொல்றதும் ஒரே தொகையா இருந்தா, பணம் இப்பவே பத்தலைன்னு அர்த்தம்.

ஆறு லட்சத்துல முதல்ல 1,20,000 ரூபாயைத் தனியா எடுத்து வை. இருபது சதவீதம். அதிகம்னு தோணும். ஆனா பழைய வீட்டுல சுவரை உடைக்கற வரைக்கும் உள்ளே என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. துரு அடைச்ச பைப் இருக்கலாம், எர்த்தே இல்லாத லைன் இருக்கலாம், காரை பெயர்ந்து கம்பி தெரியலாம். மேஸ்திரி பொய் சொல்லலை. கண்ணுக்குத் தெரிஞ்சதுக்குக் கணக்குப் போட்டார், அவ்வளவுதான். மிச்சம் இருக்கற 4,80,000தான் உன் பட்ஜெட். வேலையை அதுக்குள்ள அடக்கு.

எது முதல்லன்னா, மூடினப்புறம் கை வைக்க முடியாதது முதல்ல. பைப், ஒயரிங், வாட்டர்ப்ரூஃபிங். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. ஒயர்னு எழுதி வாங்கு. ஷாக் அடிச்சா உடனே லைனை நிறுத்தற ஆர்.சி.சி.பி.யை விட்டுடாதே. பாத்ரூம்ல வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்சதும், டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி, முழுசா ரெண்டு நாள் தண்ணி கட்டி வச்சு, கீழ்வீட்டுச் சீலிங்கைப் போய்ப் பாரு. கப்போர்டு கதவை அடுத்த வருஷம்கூடப் போட்டுக்கலாம். ஒழுகற பாத்ரூமுக்கு அடுத்த வருஷம் மறுபடியும் டைல்ஸ் உடைக்கணும்.

மாடுலர் கிச்சன்லதான் நம்ம பெண்கள் நிறைய பேர் ஏமாறுறாங்க. அதனால இதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன். ஒரு கடையில சதுர அடிக்கு விலை சொல்வாங்க, இன்னொரு கடையில ரன்னிங் ஃபீட்டுக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்து எது மலிவுன்னு முடிவு பண்ண முடியாது. "எந்தப் பரப்பை அளக்கறீங்க, முன்பக்கக் கதவை மட்டுமா, மொத்தப் பெட்டியையுமா?"ன்னு கேளு. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே வரைபடத்தைக் கொடுத்து மொத்தத் தொகையா எழுதி வாங்கு. "வாட்டர்ப்ரூஃப் ப்ளைதான் மேடம்"னு வாயால சொன்னா நம்பாதே. சிங்க்குக்குக் கீழே வர்ற பலகையில ஐ.எஸ். 710 முத்திரை இருக்கணும். மேல்தட்டுக் கப்போர்டுக்கு ஐ.எஸ். 303 பி.டபிள்யூ.ஆர். போதும், அங்கே காசு மிச்சம் பிடிக்கலாம். உள்ளே இழுக்கற கூடை, மெதுவா மூடற கீல் எல்லாம் பெரும்பாலும் தனிக்கணக்கு. கிரானைட் மேடையும் தனி. கல்லோட விலையை மட்டும் கேட்டுட்டு வந்துடாதே. ஓரம் உருட்டிப் பாலிஷ் போட அடிக்கு இவ்வளவு, சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்ட ஒவ்வொரு ஓட்டைக்கும் இவ்வளவுன்னு அப்புறம் வரும். சிம்னிக்குச் சுவர்ல ஓட்டை யாரு போடறது, அதுக்குப் பிளக் பாயின்ட் யாரு இழுக்கறது? கிச்சன்காரர் எலக்ட்ரீஷியன் வேலைன்னுவார், எலக்ட்ரீஷியன் அது என் கணக்குல இல்லைன்னுவார். கடைசியில உன் பர்ஸ்தான் திறக்கும்.

டைல்ஸை அளவுக்கு மேல பத்து சதவீதம் சேர்த்து வாங்கு. ரெண்டுக்கு ரெண்டு டைல் நாலு இருக்கற பெட்டி, 16 சதுர அடின்னு சொன்னாலும் பதினஞ்சரைதான் வரும். ஸ்கர்ட்டிங்கையும் கணக்குல சேர்த்துக்கோ. எல்லாப் பெட்டியிலயும் ஒரே பேட்ச் நம்பரான்னு பார்த்து எடு. பத்தலைன்னு பிறகு போனா அதே நிறம் கிடைக்காது. மொசைக்கை உடைக்காம மேலேயே பசை போட்டு ஒட்டலாம், உடைக்கிற கூலியும் ரப்பிஷ் அள்ளற செலவும் மிச்சம். ஆனா தரை உயரும். எல்லாக் கதவோட அடியையும் இழைக்கணும், பாத்ரூம் நிலைப்படி மட்டத்தையும் பார்த்துக்கணும். ஆசாரி கூலியையும் சேர்த்துக் கூட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணு.

ரப்பிஷ்னு சொன்னதும் ஞாபகம் வருது, குட்டியானை எத்தனை லோடு, யார் காசுன்னு முதல்லயே பேசிடு. எம்-சாண்டை லோடு கணக்குல வாங்காதே, யூனிட் கணக்குல வாங்கு. ஒரு யூனிட் 100 கன அடி. சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22லேர்ந்து 28ல இருந்து 18 சதவீதமாயிடுச்சு, யாராவது பழைய எஸ்டிமேட்டை நீட்டினா கேளு. பில் இல்லாம வாங்கினா குறையும்னு ஆசை காட்டுவாங்க. பைப்புக்கும் மோட்டாருக்கும் வாரன்ட்டி கேட்டுப் போகும்போது பில்தான் பேசும்.

சமையல்கட்டு மூடியிருக்கற நாள்ல ஹோட்டல் சாப்பாட்டுச் செலவை யாரும் எழுதறதே இல்லை. நாலு பேர் வீட்டுல அது சின்னத் தொகை இல்லடி. ஆளுங்களுக்கு டீ, வடை, அப்பார்ட்மென்ட்னா அசோசியேஷன் கேக்கற டெபாசிட், இதையெல்லாம் ஒரு பக்கத்துல எழுது.

அப்புறம் ஒரு வாக்கியம் இருக்கு: "இதோட இதையும் முடிச்சுடலாமே." மேஸ்திரி சொல்வார், மாமியார் சொல்வாங்க, உன் வீட்டுக்காரரும் சொல்வார். எதிர்வீட்டுல ஃபால்ஸ் சீலிங் பார்த்துட்டு நீயே சொல்வே. உடனே சரின்னு சொல்லாதே. விலையோட நோட்டுல எழுதி வை, சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிச்சதும் மிச்சத்தைப் பார்த்து முடிவெடு. தனியா வச்ச 1,20,000லேர்ந்து இதுக்கு எடுக்கவே கூடாது.

அட்வான்ஸைக் கொஞ்சமா கொடு, வேலை நகர நகரப் பணம் நகரட்டும். கடைசிப் பத்து சதவீதத்தை, எல்லாக் குழாயையும் திறந்து பார்த்து, எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்த்து முடிச்சப்புறம் கொடு. மொட்டை மாடி வேலையையும் வெளிப்பக்கப் பெயின்ட்டையும் அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வச்சுக்காதே. வடகிழக்குப் பருவமழையில ஆள் சும்மா உட்கார்ந்திருக்க, வேலை இழுத்துக்கிட்டே போகும். டைல்ஸ் போடற வடமாநில ஆளுங்க ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போயிடுவாங்க, அதையும் பார்த்துத் தேதி வை.

பத்தலைன்னா கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ல டைல்ஸ் எடுக்காதே. ஏற்கெனவே வீட்டுக் கடன் இருந்தா அதே பேங்க்ல டாப்-அப் கேட்டுப் பாரு, வட்டி குறைவா இருக்கும். ஆனா வரிச் சலுகையை நம்பிக் கடன் வாங்காதே. குடியிருக்கற வீட்டைப் புதுப்பிக்க வாங்கின கடன் வட்டிக்குப் பழைய வரி முறையில வருஷத்துக்கு 30,000 ரூபாய்தான் கழிவு, புது முறையில அதுவும் கிடையாது.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பிளம்பரையும் ஒரு எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டு வீட்டைக் காட்டு. அவங்க சொல்றதை எழுதிக்கிட்டு, அதுக்கப்புறம் மேஸ்திரிகிட்ட பேசு.