கரிமூட்டத்தில் தொடங்குங்கள்

பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை, இடைநிலைத் தனிமங்கள், கதிரியக்கச் சிதைவு என்றாலே பயமாக இருக்கிறது என்கிறீர்கள். சாயல்குடியைச் சுற்றிச் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் ஊர்களில் வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். அந்தக் கரியை வைத்தே மூன்றையும் படித்துவிடலாம்.

1. மூட்டத்துப் புகையைக் கவனியுங்கள். விறகை நெருக்கி அடுக்கி, இலைதழை போட்டு, மண்ணால் மூடி, சில ஓட்டைகளை மட்டும் விட்டிருப்பார்கள். முதலில் வெள்ளையாக மண்டி வருவது பெரும்பாலும் விறகின் ஈரம். புகை மெலிந்து நீலம் பாயும்போது வேக்காடு முடியும் தறுவாய். மேல்மண் வெடித்துக் காற்று புகுந்தால் அந்த இடம் சாம்பலாகிவிடும். அதனால்தான் ராத்திரியிலும் ஆள் இருந்து வெடிப்பை அடைக்கிறார்கள். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் கார்பன் முழுக்க எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். கிடைக்காவிட்டால் கரியாக நிற்கும். ஆக்சிஜனேற்றத்தைப் பாதியில் நிறுத்தும் கலை அது. அதில் கைதேர்ந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம், கூச்சப்படாமல் கேளுங்கள்.

2. எலக்ட்ரானை எண்ணாமல் சமன்பாட்டைச் சமன் செய்யாதீர்கள். ஹேமடைட் தாதுவில் இரும்பின் ஆக்சிஜனேற்ற எண் +3. உலையில் கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் வேலையில் பெரும்பங்கு இந்த வாயுவுக்குத்தான், திடக்கரிக்கு அல்ல. ஒரு ஃபெரிக் ஆக்சைடும் மூன்று கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தால் இரண்டு இரும்பும் மூன்று கார்பன் டை ஆக்சைடும் வரும். இரண்டு இரும்பும் தலைக்கு மூன்று வீதம் ஆறு எலக்ட்ரான் வாங்குகின்றன. மூன்று கார்பனும் +2-லிருந்து +4-க்கு ஏறி, தலைக்கு இரண்டு வீதம் ஆறு கொடுக்கின்றன. நேராகிவிட்டதா? ஆகவில்லை என்றால் ஏதோ ஒரு அணுவுக்கு எண் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். ஆக்சிஜனேற்ற எண் அணுவின் மேல் இருக்கும் உண்மையான மின்சுமை அல்ல. பற்று வரவு எழுதுவது போல எலக்ட்ரானுக்கு நாம் வைத்துக்கொண்ட கணக்கு.

3. அதே கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்து ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, ஆக்சிஜனைவிட ஏறக்குறைய 200 மடங்கு வலுவாக இதைப் பிடித்துக்கொள்ளும். இங்கே ஒடுக்கம் ஏதும் நடக்கவில்லை. இடைநிலை உலோகம் ஓர் ஈனியைப் பிணைத்துக்கொள்கிறது, அவ்வளவே. மழைநாளில் வீட்டில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டினால், உடனே எழுந்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

4. இரும்பு எலக்ட்ரானை இழக்கும்போது 4எஸ் முதலில் காலியாகும். இரும்பின் அணு எண் 26. ஆர்கானுக்கு மேல் 3டி-யில் ஆறு, 4எஸ்-இல் இரண்டு. கடைசியாக நிரப்பியது 3டி என்பதால் அதிலிருந்தே எடுத்துவிடுகிறீர்கள். கூடாது. ஃபெரஸ் அயனியில் 3டி-யில் ஆறும் அப்படியே இருக்கும், ஃபெரிக்கில் ஐந்து. குரோமியத்தையும் தாமிரத்தையும் இப்போதைக்கு நிரப்பும் வரிசைக்கு விதிவிலக்காக மனப்பாடம் செய்துகொண்டு மேலே போங்கள்.

5. பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் அவசரம் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடம் இது. கரைசல் அடர்ந்த நிறமாக இருப்பதால், பியூரெட்டில் கீழ்ப்பிறையைத் தேடாமல் மேல்விளிம்பை வைத்து அளவெடுங்கள். குடுவையில் நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம்தான் ஊற்ற வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் அதன் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்யும். நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்சிஜனேற்றி. இரண்டிலும் அளவு பிசகும். ஆக்ஸாலிக் அமிலம் என்றால் 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்குங்கள். அப்போதுகூட முதல் சில சொட்டின் நிறம் மறையச் சற்று நேரமாகும். பொறுங்கள். மாங்கனஸ் அயனி கொஞ்சம் உண்டானதும் அதுவே வினையூக்கியாகி, அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்தவுடன் மறையும். அமிலத்தைக் குறைத்துவிட்டால் குடுவை பழுப்பாகக் கலங்கும். மாங்கனீசு +7-லிருந்து ஐந்து எலக்ட்ரான் வாங்கி +2-க்கு வர வேண்டியது, மூன்றோடு +4-இல் நின்று மாங்கனீசு டை ஆக்சைடாகிவிட்டது என்று அர்த்தம். விரலில் படும் கறையும் அதே சேர்மம். கலங்கிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும், நிறுத்திவிடலாம். அடர்ந்த ரோஜா நிறம் வரும் வரை விட்டவர்கள் முடிவுப்புள்ளியைத் தாண்டிவிட்டார்கள்.

6. துருவை நம் கடற்கரையிலேயே படியுங்கள். இரும்பு எலக்ட்ரானை விடுகிறது. காற்றின் ஆக்சிஜன், நீரோடு சேர்ந்து அதை வாங்கி ஹைட்ராக்சைடு ஆகிறது. உப்பு, அந்த ஈரப்படலத்தில் மின்சாரம் எளிதாகப் போக வழிசெய்கிறது. மாரியூர், வாலிநோக்கம் பக்கம் உப்பளக்காற்றில் சைக்கிள் சங்கிலி என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் இந்தக் காற்றில் நின்றது தொடர்ந்த பராமரிப்பால்தான். புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948-இல் அடிக்கல் நாட்டி எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமானத்தையும் ஆராய்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். துத்தநாகப் பூச்சுள்ள வாளி கீறினாலும் துருப்பிடிக்காமல் இருப்பது ஏன்? துத்தநாகத்தின் மின்முனை அழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44. எதிலிருந்து எலக்ட்ரான் முதலில் போகும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

7. அணுக்கருவுக்கு வரும்போது இதுவரை படித்ததை ஓரமாக வையுங்கள். எரித்தாலும் கரைத்தாலும் கார்பன் கார்பனாகவே இருக்கும். வெளி எலக்ட்ரான்களில் மட்டும்தான் மாற்றம். கார்பன்-14 சிதையும்போது கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானையும் ஓர் எதிர்நியூட்ரினோவையும் வெளியே தள்ளுகிறது. தனிமமே நைட்ரஜனாகிவிடும். அந்த எலக்ட்ரான் கருவில் பிறந்தது. கார்பனின் ஆக்சிஜனேற்றம் என்று இதை எழுதினால் மதிப்பெண் போய்விடும். சூடு, அமிலம், காற்று எதுவும் இதன் வேகத்தை மாற்றாது. மூட்டத்துக்குள் வெந்த கரியிலும் கார்பன்-14 தன் 5730 ஆண்டு அரை ஆயுட்காலக் கணக்கில்தான் குறையும்.

இந்த நிதானத்தை வைத்துத்தான் வில்லார்டு லிப்பி காலக்கணிப்பு முறையை உருவாக்கி, 1960-இல் நோபல் பரிசு பெற்றார். தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில் கிடைத்த கரி மாதிரிகளுக்கும் இந்த முறையில்தான் காலம் கணித்தார்கள். அங்கே இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது.

ஒன்றைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மரம் உயிரோடு இருக்கும் வரை காற்றிலிருந்து புதுக் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். எடுப்பது நின்றதும் சிதைவு மட்டும் தொடரும். ஆகவே கரி சொல்வது மரத்தின் அந்தப் பகுதி வளர்ந்து நின்ற காலத்தை, இரும்பு உருகிய நாளை அல்ல. பழைய மரத்தின் வைரத்தை எரித்திருந்தால் கணிப்பு உண்மையைவிட முந்திப் போகும். அதனால் கரி எந்தத் தாழியோடு, எந்த மண்ணடுக்கில், இரும்போடு எப்படிக் கிடந்தது என்று அகழாய்வாளர்கள் எழுதிவைக்கும் குறிப்பும் ஆய்வக எண் அளவுக்கு முக்கியம். கி.மு. 3345 என்றால் இன்றைக்கு ஏறத்தாழ 5370 ஆண்டுகள். அந்தக் கரியில் கார்பன்-14 பாதிக்கு மேல் எஞ்சியிருக்குமா, கீழேயா? கால்குலேட்டரைத் தொடாமல் முதலில் சொல்லிப் பாருங்கள், பிறகு மடக்கை அட்டவணையை எடுங்கள்.