துருத்தியும் எஞ்சினும்

கொல்லன் உலைக்களத்தை நேரில் கண்டிராத மாணவர்கள் நம் மன்றத்தில் பலர் இருக்கக்கூடும். கண்டவர்களின் கருத்தை அங்கே முதலில் கவர்வது சம்மட்டி அன்று, துருத்தி. கரி அதே கரிதான். நெருப்பும் அதே நெருப்புதான். துருத்தியை அழுத்திக் காற்றைப் பாய்ச்சியதும், மங்கிக் கிடந்த கனல் வெண்ணிறம் பெறுகின்றது. எஞ்சினுக்கும் இதே கதைதான். சிலிண்டருக்குள் பெட்ரோலை மிகுதியாகச் செலுத்துவது எளிது. அதை எரிக்க வேண்டிய காற்றைச் செலுத்துவதே கடினம்.

ஆனால் துருத்தியை இயக்க ஓர் ஆள் வேண்டுமே! உலையிலிருந்து வீணே வெளியேறும் புகையே அந்த ஆளாக இருந்தால் என்ன என்று எண்ணியவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலார் ஆல்ஃபிரட் பூஹி. 1905-இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினின் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகின்றது. டர்போசார்ஜர் என்பது இவ்வளவுதான்.

பெங்களூரில் இருப்பவர்கள் இதை அறிய ஒரு தனிக் காரணம் உண்டு. நம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையில் 1010 மில்லிபார் காட்டும் காற்றழுத்தமானி இங்கே 910-ஐ ஒட்டியே நிற்கும். 1955 முதல் சென்னையில் உருவாகத் தொடங்கிய புல்லட் மோட்டார் சைக்கிள், மலையேறி இங்கு வந்ததும் தன் மூச்சில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடுகின்றது. (இங்குள்ள குளிர்ச்சி அதில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருகின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) டர்போசார்ஜர் புகழ் பெற்றதும் மலையுச்சியில்தான். 1918-இல் அமெரிக்கப் பொறியியலார் சான்ஃபோர்டு மாஸ், ஒரு விமான எஞ்சினைக் கொலராடோவில் உள்ள பைக்ஸ் சிகரத்தின்மேல், சுமார் 4300 மீட்டர் உயரத்திற்குக் கொண்டு சென்றார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின் உச்சியில் 230-க்கு இறங்கியது. டர்போசார்ஜரைப் பொருத்தியதும் 356-ஐத் தொட்டது.

இதைப் படித்த நாளன்று என் அறைத்தோழன், தன் தந்தையார் ஓட்டிய பழைய 350 புல்லட்டுக்கு ஒரு டர்போ பூட்டியே தீருவது என்று முடிவு செய்தான். பௌதிகம் படிக்கும் எனக்குப் பட்டறையில் என்ன வேலை என்று வினவிய நண்பர்களுக்கு விடையாகவே இதை எழுதுகிறேன். இத்தகைய வண்டிக்கு வேண்டிய உறுப்புகள் கடையில் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றையும் செய்தாக வேண்டும். செய்வதற்கு முன் கணக்கிட்டாக வேண்டும். கணக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்துவிட்டேன்.

முதலில் எஞ்சின் எவ்வளவு காற்றைக் குடிக்கும் என்று பார்ப்போம். சிலிண்டரின் குறுக்களவு 70 மி.மீ.; பிஸ்டன் செல்லும் நீளம் 90 மி.மீ. பெருக்கினால் 346 சி.சி. நிமிடத்திற்கு 4500 சுற்று ஓடும் நான்கு அடி எஞ்சின் 2250 முறை மூச்சு இழுக்கும். ஆக, நிமிடத்திற்கு அதிகமாகப் போனால் 780 லிட்டர். சிவாஜிநகர் குஜிரியில் பழைய டீசல் கார்களின் டர்போக்கள் கிடைக்கும். நம் நாட்டில் பெருவாரியாக ஓடிய 1248 சி.சி. டீசல் காரின் டர்போ ஒன்றை என் தோழன் ஆசையோடு தூக்கினான். அது எங்கள் எஞ்சினைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட எஞ்சினுக்காகப் பிறந்தது. எங்கள் எஞ்சினின் புகையில் அது சோம்பிக் கிடக்கும். மேலும் பெட்ரோல் புகையின் சூடு டீசல் புகையினும் மிகுதி. கடைசியில், ஜப்பானில் ஓடும் 660 சி.சி. சிறு பெட்ரோல் கார்களுக்கான டர்போ ஒன்று கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. அதன் சக்கரத்தை அளந்தேன், 34 மி.மீ. ஒரு நெல்லிக்காய் அளவு எனலாம். நிமிடத்திற்கு 2 லட்சம் சுற்றுச் சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு 356 மீட்டர் வேகத்தில் செல்லும். இது காற்றில் ஒலி செல்லும் வேகத்தினும் கூடுதல்.

இனி, எங்களைத் தடுக்கி வீழ்த்திய குழாயின் கதை. எஞ்சின் தலையிலிருந்து டர்போ வரை புகையைக் கொண்டு செல்ல ஒரு குழாய் வேண்டும். நான் 300 மி.மீ. நீளத்தில் சாதாரண இரும்புக் குழாயை நேராக வைத்து, ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை டர்போவிலும் பூட்டினேன். டர்போ ஆடக் கூடாது என்று அதைச் சட்டத்தோடு தடித்த இரும்புப் பட்டையால் இறுக்கினேன். பார்ப்பதற்கு மிக உறுதியாக இருந்தது. மூன்று நாள், ஸ்டாண்டில் நிறுத்தி, எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் ஓட்டினோம். ஓசை இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அழுத்தமானியின் முள் அசையவே இல்லை! சுமையின்றி ஓடும் எஞ்சினில் புகை குறைவு. புகை குறைந்தால் துருத்தி ஊதாது.

"சுமை வேண்டுமானால் சாலையில் ஓட்ட வேண்டும். ஞாயிறு விடியற்காலை வெளிவட்டச் சாலை காலியாக இருக்கும்" என்றான் தோழன். தலைக்கவசத்தையும் எடுத்து வைத்துவிட்டான்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை பீனியாவில் எங்களுக்கு லேத்து வேலை செய்து தரும் மேஸ்திரியிடம் குழாயைக் கழற்றி எடுத்துச் சென்றேன். அவர் சேலத்துக்காரர், முப்பது ஆண்டுகளாக இங்கிருப்பவர். விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தைக் குழாயின்மேல் தெளித்தார். சிறிது நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளித்தார். இருவரும் தேநீர் அருந்தித் திரும்பி வந்தபோது, டர்போப் பக்கத்து வெல்டிங்கின் ஓரமாக மயிரிழை போன்ற ஒரு சிவப்புக் கோடு முக்கால் வட்டம் சுற்றி நின்றது.

"ரெண்டு பக்கமும் கட்டிப் போட்டுட்டா, சூடான இரும்பு எங்க தம்பி போகும்?" என்று கேட்டார் அவர்.

நான் பௌதிகத் தேர்வில் விடை எழுதிய கேள்விதான் அது. இரும்பு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 13 பங்கு அளவில் விரியும். குழாயின் சூடு சராசரி 600 டிகிரி உயர்ந்தால், 300 மி.மீ. குழாய் 2.3 மி.மீ. நீள வேண்டும். எஞ்சினும் சட்டமும் அவ்வளவு சூடேறுவதில்லை. எனவே அவை இடங்கொடா. நீள வழியின்றிச் செந்நிறச் சூட்டில் மென்மையுற்ற குழாய் தனக்குள்ளேயே நசுங்கிக் குறுகியது. பிறகு குளிர்ந்தபோது, குறுகிய குழாயை இரு முனைகளும் பற்றி இழுத்தன. ஆகவே விரிசல் விழுந்தது சூட்டில் அன்று, குளிரும்போது. ஒவ்வொரு நாளும் நாங்கள் மகிழ்ச்சியோடு எஞ்சினை நிறுத்திவிட்டு உணவு உண்ணச் சென்ற நேரத்தில்தான் அது வளர்ந்திருக்கிறது. பழைய புல்லட்டில் அந்தக் குழாய் ஓட்டுபவனின் வலது காலை ஒட்டிச் செல்லும். அதற்கு மேலேதான் பெட்ரோல் டாங்கி. முழுச் சுமையில் 800 டிகிரிக்கு மேற்பட்ட புகை அந்தக் கீறல் வழியே எங்கே பாய்ந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

புதுக் குழாயை 304 வகைத் துருப்பிடியா எஃகில் செய்தோம். சூட்டில் இரும்புபோல் செதில் செதிலாக உதிராது என்பதே அதன் சிறப்பு. ஆனால் அது இரும்பைவிட மிகுதியாக விரியும். இதே நீளத்திற்கு 3 மி.மீ. நல்ல பொருளை வாங்கிவிட்டோம் என்று பழைய வடிவிலேயே செய்திருந்தால் முன்னிலும் விரைவாக வெடித்திருக்கும். ஆகவே குழாயை நேராக விடாமல் இரண்டு வளைவு கொடுத்தோம். நடுவில், ஒன்றினுள் ஒன்று நழுவும் இணைப்பு ஒன்று வைத்தோம். டர்போவைத் தாங்கும் பட்டையில் வட்டத் துளைக்கு மாறாக நீள்துளை இட்டோம். எடையைத் தாங்கும், ஆனால் நீளவாட்டில் நகர விடும். மேஸ்திரி அந்தத் துளையை 5 மி.மீ. நீட்டித்தார். கணக்குப்படி 3 போதும் அல்லவா என்றேன். "உன் கணக்குக்கு மூணு, என் பயத்துக்கு ரெண்டு" என்றார்.

வெல்டிங்கைப் பற்றியும் சில சொற்கள். இந்த எஃகை ஆர்கான் வெல்டிங்கில்தான் இணைக்க வேண்டும். வெளிப்புறத்தை ஆர்கான் காக்கும். குழாயின் உட்புறத்தைக் காப்பது யார்? உள்ளேயும் ஆர்கானை நிரப்பாவிடில், பிராணவாயு பட்டு உட்புறம் கருகிய சர்க்கரைப் பாகுபோல் பொரிந்துவிடும். பின்னர் அதில் ஒரு துகள் உதிர்ந்து, ஒலியை விஞ்சிச் சுழலும் அந்த நெல்லிக்காய்ச் சக்கரத்தில் மோதினால் சக்கரம் போயிற்று. எஃகுக் குழாயை 12 மி.மீ. இரும்பு ஃபிளாஞ்சோடு சேர்க்கும் இடத்தில் 309 வகைக் கம்பி வேண்டும். ஃபிளாஞ்சு சூட்டில் கோணும். அதற்காகத் தடித்த பழைய தகடு ஒன்றில் அதை போல்ட்டால் இறுக்கி வைத்து வெல்டிங் செய்து, முற்றும் ஆறிய பின்பே கழற்றினோம். அப்படியும் கோணியது, லேத்தில் முகத்தைச் சீவ வேண்டியதாயிற்று.

எண்ணெய் வழி எங்களுக்கு ஒரு மாதத்தைத் தின்றது. டர்போவின் அச்சு குண்டுகளின்மேல் சுழல்வதன்று. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதப்பது. பழைய புல்லட்டின் எண்ணெய்ப் பம்பை நம்பி அதை விட மனமில்லாததால், தனித் தொட்டியும் சிறு மின்சாரப் பம்பும் வைத்தோம். பித்தளையில் 1 மி.மீ. துளையிட்ட ஒரு சிறு தடுப்பின் வழியே எண்ணெய் உள்ளே செல்லும். உள்ளே செல்வதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட நாங்கள், வெளியே வருவதை மறந்துவிட்டோம். டர்போவிலிருந்து இறங்கும் எண்ணெய்க்கு அழுத்தம் இல்லை. வீட்டுக் கூரையின் தண்ணீர்போல் தானே வழிந்தாக வேண்டும். மோட்டார் சைக்கிளிலோ டர்போ கீழே தொங்குகின்றது. அதற்குக் கீழே தொட்டிக்கு இடமில்லை. தேங்கிய எண்ணெய் அடைப்பைக் கடந்து கசிந்து, தெருவெல்லாம் நீலப் புகை. வீட்டுக்காரர் கன்னடத்தில் கூறிய சொற்களை இங்கு மொழிபெயர்க்க இயலாது. உறிஞ்சி மேலேற்ற இரண்டாவது பம்பு ஒன்று வைத்த பிறகே அமைதி திரும்பியது.

அடுத்தது காற்றறை. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே மூச்சு இழுக்கும். துருத்தியோ இடைவிடாது ஊதும். ஊதியதைச் சேர்த்து வைக்க ஓர் அறை வேண்டும். நம் உழவர்கள் பயன்படுத்தும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் போன்றவற்றை மனத்திற்கொண்டு, அமெரிக்க மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய அறையை ஆராய்ந்தனர். நாங்கள் 2 லிட்டர் கொள்ளளவு கொண்டோம். முதலில் அலுமினியத் தகட்டில் ஒரு பெட்டி வரைந்தேன். வளிமண்டலத்திற்கு மேல் 0.4 பார் அழுத்தத்தில், 20 செ.மீ.க்கு 10 செ.மீ. உள்ள தட்டைச் சுவர்மேல் ஏறத்தாழ 80 கிலோ எடை அழுத்துவதாகக் கணக்கு வந்தது. ஒரு பருத்த மனிதர் ஏறி நிற்பதற்கு ஒப்பு! பெட்டியை விட்டுவிட்டு 100 மி.மீ. உருண்டைக் குழாயை 250 மி.மீ. நீளத்தில் வெட்டினோம். எஞ்சின் திருப்பி வெடித்தால் திறந்துகொள்ளும் வில் மூடி ஒன்றும் அதில் உண்டு.

0.4 பார் கூடுதல் என்பது இங்குள்ள காற்றை 1.44 மடங்கு அமுக்குவதாகும். ஆயின் அமுக்கிய காற்று சூடேறும். 27 டிகிரியில் நுழைவது 78 டிகிரியை நெருங்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறுதியில் கையில் நிற்கும் ஆதாயம் 23 சதவீதமே. அதற்கே எஞ்சின் தட்டத் தொடங்கும் அபாயம் உண்டு. எனவே சிலிண்டரின் அடியில் 3 மி.மீ. தகடு ஒன்று வைத்தோம். 7-க்கு 1 ஆக இருந்த அமுக்க விகிதம் அதனால் 6-க்கு 1 ஆகும். தகட்டை வைத்ததும் சிலிண்டர் உயர்ந்தது. வால்வைத் தள்ளும் கம்பிகள் எட்டவில்லை. அவற்றையும் 3 மி.மீ. நீட்டிப் புதிதாகச் செய்தோம்.

பெரிய நிறுவனங்களும் இதில் இறங்கிப் பார்த்தவையே. 1982 முதல் ஹோண்டா, யமஹா, சுசூகி, கவாசாகி நான்கும் டர்போ மோட்டார் சைக்கிள்களை விற்றன. சில ஆண்டுகளிலேயே நான்கும் நிறுத்திவிட்டன.

சிவப்புக் கோடு விழுந்த குழாயைத் தோழனின் மேசைமேல் வைத்தபோது அவன் வெகுநேரம் பேசவில்லை. பின், புதுக் குழாய் வந்ததும் சாலையில் ஓட்டலாம் அல்லவா என்று கேட்டான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினேன். தயாரித்தவர் குறித்த விவரங்களினின்று மாறும்படி வண்டியை மாற்றுவதை அது தடுக்கின்றது. 2019-இல் சேர்ந்த திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எங்கள் மாற்றங்களை இருவரும் உட்கார்ந்து எண்ணினோம், ஒன்பது வந்தது. 45000 ரூபாய்க்கு இன்னொரு புல்லட்டே வாங்கலாமே என்று அவன் சிரித்தான். எனக்குச் சிறிது மூச்சு வந்தது.

வாடகைக்குக் கிடைக்கும் டைனமோமீட்டர் ஒன்றில் அடுத்த மாதம் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறோம். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பின்சக்கரம் உருளையைச் சுழற்றும். சுமையை உருளை தரும். ஓட்டியபின் ஒவ்வொரு முறையும் குழாய் ஆறும் வரை காத்திருந்து, சாயம் தெளித்துப் பார்ப்பது என் வேலை. மேஸ்திரி அந்தச் சிவப்புப் புட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார்.