பதினாறு கட்டைகளில் ஓர் ஆட்டோ

தில்லியில் வாழும் மாணவி ஒருத்தியின் வீட்டில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று உள்ளது. அதனுள் வண்ண வண்ணப் பொருத்துக் கட்டைகள் சில கிடக்கின்றன. அவை கடையில் பெட்டியாக வாங்கியவை அல்ல. அண்டை வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தபின் கொடுத்துச் சென்றவை. எதை எங்கே பொருத்துவது என்று காட்டும் படமும் அவற்றுடன் இல்லை. அவற்றைக் கொண்டு ஒரு வீடு கட்ட முனைந்தால் ஒரு சுவர்கூட முழுமையாக எழாது. ஆயினும் ஒரு சிறு வண்டி செய்ய அவை போதும்.

ஆட்டோ ஒன்று செய்வது என்று அவள் முடிவு செய்தாள். அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய தாத்தா சென்னையில் முப்பது ஆண்டுகள் ஆட்டோ ஓட்டியவர். பாட்டி மறைந்தபின் மகனுடன் வாழத் தில்லிக்கு வந்தார். இந்தி அறியாததால் அவர் வெளியே செல்வது குறைவு. மாலையில் மேல்மாடத்தில் நின்று தெருவில் செல்லும் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வாரம் அவருடைய பிறந்தநாள்.

இத்தகைய கட்டைகளில் பெயர் பெற்றது லெகோ. டென்மார்க் நாட்டின் பில்லுண்டு என்னும் ஊரில் ஓலே கிர்க் கிறித்தியான்சன் என்ற தச்சர் 1932ஆம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ எனப் பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி அவர் தம் தொழிலுக்கு லெகோ எனப் பெயரிட்டார். நெகிழிக் கட்டைகள் 1949இல் வெளிவந்தன. அவை உள்ளே வெற்றிடமாக இருந்தமையால் ஒன்றையொன்று இறுகப் பற்றவில்லை. எளிதில் கழன்று விழுந்தன. 1958இல் கட்டையின் அடிப்புறத்தில் சிறு குழாய்கள் அமைக்கப்பட்டன. மேலிருக்கும் குமிழ் இந்தக் குழாய்களுக்கும் சுவருக்கும் இடையே அழுந்தி நின்றது. பிடிமானம் வந்தது. அன்று செய்த கட்டையும் இன்று செய்யும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். வண்டிகளுக்கு வேண்டிய சக்கரம் 1962இல்தான் வந்தது.

கட்டைகள் குறைவாக இருந்தால் செய்யக்கூடியவையும் குறைவு என்று தோன்றலாம். வரிசைக்கு நான்காக இரண்டு வரிசைக் குமிழ்கள் உடைய கட்டையை 2×4 கட்டை என்பர். ஒரே நிறத்தில் இரண்டு 2×4 கட்டைகளை 24 வகையாகப் பொருத்தலாம். ஆறு கட்டைகள் இருந்தால் அந்த எண்ணிக்கை 91,51,03,765 ஆகிறது. எனவே மாணவிக்குக் கட்டைகளின் எண்ணிக்கை ஒரு தடையாக இல்லை. எதைச் செய்வது, எதை விடுவது என்பதே கடினமாக இருந்தது.

முதல் நாள் அவள் நான்கு சக்கரங்களைப் பொருத்தினாள். பக்கங்களைக் கட்டைகளால் அடைத்தாள். மேலே கூரை வைத்தாள். அதைப் பார்த்த தம்பி, “அக்கா, வேன் அழகாக இருக்கிறது” என்றான். அவள் ஒன்றும் சொல்லாமல் அதைப் பிரித்துவிட்டாள்.

மறுநாள் அவள் அளவிலிருந்து தொடங்கினாள். தெருவில் ஓடும் ஆட்டோ ஏறத்தாழ 2.6 மீட்டர் நீளமும் 1.3 மீட்டர் அகலமும் 1.7 மீட்டர் உயரமும் உடையது. இவற்றை நாற்பதால் வகுத்தால் 65, 32.5, 42.5 மில்லிமீட்டர் கிடைக்கும். லெகோ கட்டையில் ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர்; தட்டைக் கட்டையின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மில்லிமீட்டர். எட்டுக் குமிழ் நீளம் 64. நான்கு குமிழ் அகலம் 32. பதின்மூன்று தட்டைகளின் உயரம் 41.6. மூன்று அளவுகளும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துவந்தன. நோட்டுப் புத்தகத்தில் கணக்கை முடித்தபோது அவளுக்கே வியப்பாக இருந்தது. ஆட்டோவை அளந்துதான் கட்டைகளைச் செய்தார்களோ என்று எண்ணினாள்.

பின்னர் வேலை விரைந்தது. எட்டுக் குமிழ் நீளமுள்ள 2×8 தட்டையே வண்டியின் முதுகெலும்பு. அதன் பின்பாதியின் மேல் 4×4 தட்டை, முன்பாதியின் மேல் 2×4 தட்டை. இப்போது தளம் பின்னால் அகன்றும் முன்னால் குறுகியும் அமைந்தது. அச்சுடன் கூடிய 2×2 தட்டையை அடியில் பின்புறம் பொருத்தி, இரண்டு சக்கரங்களை மாட்டினாள். சக்கரங்கள் சுழலவில்லை, மேலிருந்த தளத்தில் இடித்தன. பெரிய சக்கரங்களோ என்று ஐயுற்றாள். 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய சக்கரங்கள்தாம் அவை. உண்மை அளவுக்குச் சற்றே பெரியவை என்றாலும், டப்பாவில் அவற்றினும் சிறியவை இல்லை. அச்சுக்கும் முதுகெலும்புக்கும் இடையே மேலும் ஒரு 2×2 தட்டையைச் செருகியதும் அவை தடையின்றிச் சுழன்றன.

முன்சக்கரமே பெருந்தொல்லை. அச்சுத் தட்டையில் சக்கரங்கள் எப்போதும் இரண்டாகவே வரும். இரண்டை வைத்தால் மறுபடியும் வேன். ஆட்டோவின் முன்சக்கரம் மண்காப்புத் தகட்டுக்குள் பாதி மறைந்தே இருக்கும் என்பது அவளுக்கு நினைவு வந்தது. கறுப்பு நிறத்தில் 2×2 உருளைக் கட்டை ஒன்றையும் அதே அளவுள்ள வட்டத் தட்டை ஒன்றையும் அடுக்கி முன்புறம் அடியில் ஒட்டவைத்தாள். அது சுழலாது, மேசைமேல் வழுக்கிச் செல்லும். சிறுவர்கள் உருட்டி விளையாடும் வண்டிக்கு இது குறைதான். பார்வைக்கு வைக்கும் வண்டிக்கு இதுவே சரி. தம்பி இம்முறை தயக்கமின்றி “ஆட்டோ!” என்றான்.

முகப்புக்கு 2×2 சரிவுக் கட்டை. அதன் பின்னால் முன்கண்ணாடிக்காக இரண்டு 1×2 கட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. பின்னிருக்கைக்கு ஒரு 2×4 கட்டை. அதன் இரு மூலைகளில் கம்பங்களாக இரண்டு 1×1 கட்டைகள். மேலே 4×6 தட்டை கூரை. நான்கு குமிழ்கள் அதைப் பற்றிக்கொண்டன. நடுப்பகுதி வெறுமையாகத் தெரிந்ததால் அங்கே இரண்டு கட்டைகளைக் கூடுதலாக வைத்தாள்.

மறைத்து வைக்குமுன் தாத்தா பார்த்துவிட்டார். கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல வண்டிம்மா. ஆனால் நான் எங்கே உட்காருவது?”

மாணவி அந்த இரண்டு கட்டைகளையும் எடுத்துவிட்டாள். முன்கண்ணாடிக்கும் பின்னிருக்கைக்கும் இடையே மூன்று குமிழ் அளவு வெற்றிடம் உண்டாயிற்று. பக்கங்களும் திறந்தே இருந்தன. கதவில்லாத அந்தத் திறப்புதான் ஆட்டோ. அதுவரை பொருட்காட்சிப் பெட்டியைப்போல் இருந்தது, அப்போது யாரோ இறங்கித் தேநீர் குடிக்கச் சென்ற வண்டியைப்போல் நின்றது. எண்ணிப் பார்த்தபோது பதினாறு கட்டைகள்.

நிறத்தில் அவளுக்கு மனக்குறை. சென்னை ஆட்டோவின் உடல் மஞ்சள். மும்பையில் கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும். தில்லியில் பச்சை உடலும் மஞ்சள் கூரையும். டப்பாவில் பெரிய மஞ்சள் கட்டை ஒன்றே இருந்தது. அது கூரைக்குப் போய்விட்டது. முகப்பும் பின்னிருக்கையும் பச்சை.

“மஞ்சள் கிடைக்கவில்லை, தாத்தா. இது தில்லி ஆட்டோ ஆகிவிட்டது.”

“அதனால் என்ன? மேல்மாடத்திலிருந்து தினமும் பார்ப்பது கூரையைத்தானே. அது மஞ்சளாகத்தான் இருக்கிறது.”

அவர் அதை மேல்மாடத்துச் சுவரின்மேல், தெருவைப் பார்த்தவாறு வைத்தார். காற்றில் விழுந்துவிடும் என்று மாணவி சொன்னாள். கைப்பிரேக் போட்டிருப்பதாக அவர் சொன்னார்.

சொற்பொருள்

நெகிழி – பிளாஸ்டிக்
பிடிமானம் – பற்றி நிற்கும் தன்மை
ஐயுற்றாள் – சந்தேகப்பட்டாள்
விட்டம் – வட்டத்தின் மையம் வழியாகச் செல்லும் குறுக்களவு
மேல்மாடம் – வீட்டின் மேல்தளத்தில் வெளியே நீட்டிய திறந்த இடம்

பயிற்சி

1. தம்பி முதலில் அந்த வண்டியை வேன் என்று கருதியது ஏன்? இரண்டு காரணங்கள் எழுதுக.

2. தாத்தாவின் வினாவுக்குப்பின் மாணவி செய்த மாற்றம் யாது? அவர் “ஓட்டுநர் எங்கே உட்காருவது?” என்று கேட்காமல் “நான் எங்கே உட்காருவது?” என்று கேட்டதில் உள்ள வேறுபாட்டைச் சொந்த நடையில் விளக்குக.

3. ஒரு பேருந்தின் நீளம் 12 மீட்டர் என்று கொள்க. அதை நாற்பதில் ஒரு பங்காகச் செய்ய எத்தனை குமிழ் நீளம் வேண்டும்? அத்தனை கட்டைகள் இல்லையெனில் அளவை எவ்வாறு மாற்றலாம்?

4. ஒரு, ஓர் – பொருத்தமானதை இட்டு நிரப்புக: ______ ஆட்டோ, ______ சக்கரம், ______ உருளைக் கட்டை, ______ தட்டை, ______ ஊர்.

5. உங்கள் ஊர்த் தெருவில் நாள்தோறும் காணும் வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இருபது கட்டைகளுக்குள் அதைச் செய்வதாயின் எந்த உறுப்புகளை விட்டுவிடுவீர்கள், எதை விடவே மாட்டீர்கள்? எட்டு வரிகளில் எழுதுக. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் காட்டி, அவர் கூறும் திருத்தத்தையும் சேர்த்தெழுதுக.